நிலா உறையில் இரண்டு மிச்சம்

2012இல் மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை வாவியைப் 'பாதை'யில் கடந்து, இக்கரையில் பஸ் பிடிப்பேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். என் நோயாளிகள் பலரும் அதே பாதையில், இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள்.

முதல் வாரத்தில் ஒரு பெரியவரின் துண்டில் பிரஷர் 170/100 என்று எழுதி அனுப்பினேன். டொக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"பிள்ளை, இவரை எத்தனை நிமிடம் இருக்க வைத்தீர்?"

பதில் சொல்ல முடியவில்லை. பஸ் தரிப்பிடத்திலிருந்து வெயிலில் வேகமாக நடந்து வந்தவரைக் கதிரையில் இருத்திய கையோடு அளந்திருந்தேன். வாயில் புகையிலை போட்ட வெற்றிலை வேறு. அளக்கும்போது ஊர்க்கதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க விட்டேன். பிறகு முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து மறுபடி அளந்தபோது 142/88. முதல் கணக்கை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் அவர் வயலில் தலைசுற்றி விழுந்திருக்கலாம். அன்றிலிருந்து ஐந்து நிமிடம் இருக்க வைக்காமல் யாருடைய கையிலும் பட்டி கட்டியதில்லை, வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும்.

மற்ற வேலைகள் கைப்பழக்கத்தில் வந்தன. ஈ.சி.ஜி.யில் வலக்கை வயரையும் இடக்கை வயரையும் மாற்றிப் போட்டால், நல்ல இதயமும் பழுதுபட்டதாகப் படத்தில் தெரியும். சீனி பார்க்க விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஒரே காலையில் ஒரே பெயரில் மூன்று பேர் வருவார்கள் என்பதால், அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டுவிட்டே கொப்பியை எடுப்பேன். பின்னர் வார இறுதிகளில் படித்து என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் பெற்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தங்கைமாருக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நான் முதலில் வேலை செய்த இடத்தில் நியமனக் கடிதம் தரவில்லை. ஊழியர் சேமலாப நிதியும் கட்டவில்லை. தற்காலிக வேலை என்றாலும் முதல் நாளிலிருந்தே அது நமக்கு உரியது. சம்பளத்தில் எட்டு வீதம் நம்முடையது, பன்னிரண்டு வீதம் முதலாளியுடையது. நோயாளிகளிடம் நூறு கேள்வி கேட்ட நான் இந்த ஒன்றைக் கேட்க மூன்று ஆண்டு கூச்சப்பட்டேன். அந்தக் காசு திரும்ப வரவே இல்லை. சேரும் அன்றே கேளுங்கள்.

இப்போது வேலை செய்யும் இடத்துக்கு மாதாமாதம் ஓர் அம்மம்மா வருவார். சீனி வருத்தம். மருந்து கொடுத்தும் சீனி இறங்கவில்லை. ஒருநாள், "உறையைப் பார்த்து எப்படிக் குடிப்பீர்கள், அம்மம்மா?" என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு பழைய பால்மாத் தகரத்தை எடுத்துத் திறந்தார். எல்லா உறைகளையும் பிரித்து, குளிசைகளை ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தார். எல்லாமே வெள்ளை.

"எனக்கு எழுத்துத் தெரியாது, மகள். ஒரு நேரத்துக்கு இரண்டு எடுப்பேன்."

காலைக் குளிசை உறையில் சூரியனும் இரவுக் குளிசை உறையில் பிறை நிலாவும் வரைந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்கு ஒரு கோப்பை. எத்தனை குளிசையோ அத்தனை வட்டம். அவர் விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு எனக்கே திருப்பிச் சொன்னார். தகரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் வந்தபோது சீனி இறங்கியிருந்தது. உறைகளை மேசையில் வைத்தார். நிலா உறையில் மட்டும் இரண்டு மிச்சம்.

"அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போன இரண்டு இரவு, மகள். உறை வீட்டில் இருந்துவிட்டது."

டொக்டருக்குப் போகும் துண்டில் அதையும் எழுதினேன்.