பிணமே இல்லாத கல்லறைத் தோட்டம்

ஸ்பெயினின் புர்கோஸ் நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போல ஓட்டினால் சான்டோ டொமிங்கோ டி சிலோஸ் என்ற சின்ன ஊர் வரும். துறவிகளின் கிரிகோரியன் பாடல்களுக்குப் பேர்போன மடம் அங்கே இருக்கிறது. வருகிற கூட்டமெல்லாம் அதற்குத்தான். நாங்கள் மடத்தை வெளியிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊரைத் தாண்டி மண் சாலையில் வண்டியை விட்டோம். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி 1966ல் 'த குட், த பேட் அண்ட் த அக்லி' படத்துக்காகப் போட்ட சாட் ஹில் கல்லறைத் தோட்டம் அந்தப் பக்கம்தான்.

சுமார் ஐயாயிரம் கல்லறைகள். ஒன்றில்கூடப் பிணம் கிடையாது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் காலம் அது. ஸ்பெயின் ராணுவ வீரர்களே வந்து மண்ணைக் குவித்துச் சிலுவை நட்டுக் கொடுத்தார்கள். படம் முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். நடுவிலிருந்த வட்டக் கல்தளத்தைப் புல் மூடிவிட்டது. 2015ல் அந்த வட்டாரத்து ரசிகர்கள் சிலர் மண்வெட்டியோடு இறங்கித் தோண்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். காசு கொடுத்தால் ஒரு சிலுவையில் உங்கள் பெயரை எழுதுவார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் தங்கள் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வட்டத்தின் நடுவில் போய் நின்றால்தான் லியோனியின் மூளை புரிகிறது. கல்லறைகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையம் வளையமாக விரிகின்றன. நிஜக் கல்லறைத் தோட்டம் எதுவும் இப்படி இருக்காது. ரோமில் பிறந்தவர் கட்டிய கொலோசியம் இது. பார்வையாளர்களுக்குப் பதில் செத்தவர்கள். படத்தில் நடித்த எலி வாலக், கல்லறைகளுக்கு நடுவே புதையலைத் தேடி ஓடும்போது கேமராவும் கூடவே சுழல்வதற்கு இந்த அமைப்புதான் வழி செய்தது. அந்தக் காட்சியில் குறுக்கே ஓடும் நாயை, வாலக்கிடம் சொல்லாமலே லியோனி அவிழ்த்துவிட்டாராம். அந்தத் திடுக்கிடல் நடிப்பில்லை.

லியோனி 1929ல் பிறந்தவர். அப்பா மௌனப் பட இயக்குநர், அம்மா நடிகை. அப்பா ராபர்டோ ராபர்டி என்ற பெயரில் படமெடுத்தார். அதனால் 1964ல் தன் முதல் வெஸ்டர்னுக்கு, அதாவது கவ்பாய் படத்துக்கு, மகன் வைத்துக்கொண்ட பெயர் பாப் ராபர்ட்சன், ராபர்ட்டின் மகன்! அந்தப் படம் ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'யோஜிம்போ'வைத் தழுவியது என்று வழக்கு வந்து, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. இசையமைத்த என்னியோ மோரிகோனே பள்ளித் தோழர். லியோனிக்கு ஆங்கிலம் வராது. வாலக்கோடு பிரெஞ்சில்தான் பேசிச் சமாளித்தார். இப்படிப்பட்டவர்தான் அமெரிக்கர்களுக்கே அவர்கள் கதையைப் புதிதாகச் சொன்னார் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

அவர் பெயரில் வந்தவை மொத்தம் ஏழே படங்கள். கடைசிப் படத்தை 1984ல் அமெரிக்க விநியோகஸ்தர்கள் 229 நிமிடத்திலிருந்து 139 ஆக வெட்டி, காட்சிகளின் வரிசையையும் மாற்றினார்கள். எனக்கு அது மன்னிக்க முடியாத காரியம். இரண்டாம் உலகப் போரின் லெனின்கிராட் முற்றுகையைப் படமாக்கத் திட்டமிட்டிருந்த நிலையில் 1989 ஏப்ரல் 30 அன்று காலமானார்.

திரும்பும் வழியில் அர்லான்சா ஆற்றுப் பக்கம் போனோம். படத்தில் வெடித்துச் சிதறும் பாலம் அங்கேதான் இருந்தது. வெடியைக் கிளப்பும் பொறுப்பு ஒரு ராணுவ அதிகாரியிடம் இருந்தது. யாரோ வேறு எதற்கோ கொடுத்த குரலைச் சைகை என்று நினைத்து அவர் அழுத்திவிட, கேமராக்கள் ஓடாமலே பாலம் காலி. தப்புக்குப் பரிகாரமாக ராணுவமே மறுபடி கட்டிக் கொடுத்தது. இரண்டாவது முறை வெடித்ததைத்தான் நாம் பார்க்கிறோம். இப்போது அங்கே பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்கு: கோடையில் வட்டத்துக்குள் நிழலே கிடையாது, கடையும் இல்லை. தண்ணீரை சிலோஸிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் சின்னக் காரில் அந்த மண் சாலை வேண்டாம்.