மருத்துவரிடம் இனி அவளே பேசட்டும்

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர், பதினெட்டு வயதை ஓ.பி. சீட்டு மாறும் நாள் என்ற அளவில்தான் நினைக்கிறோம். குழந்தை மருத்துவர் எழுதித் தரும் கடிதத்துடன் பெரியவர்களுக்கான சர்க்கரை நோய் மருத்துவரிடம் போனால் வேலை முடிந்தது என்பது நம் எண்ணம். "ராத்திரி சுகர் இறங்குதாம்மா?" என்று மருத்துவர் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாலும் இத்தனை ஆண்டுகளாகப் பதில் சொன்னது நாம்தான், புதிய மருத்துவரோ பதிலை அவளிடமிருந்தே எதிர்பார்ப்பார்.

மாறுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பாவது தயாரிப்பைத் தொடங்க வேண்டும் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். என் மகள் பத்தாம் வகுப்பு முடித்ததுமே எங்கள் மருத்துவர் அதைத் தொடங்கிவிட்டார்: முதலில் அவளிடம் தனியாகப் பேசுவார், பிறகே என்னை உள்ளே அழைப்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்கு எளிதாக இல்லை என்றாலும், என் முன்னால் சொல்லாத சிலவற்றை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது பின்னர் தெரிந்தது.

பெரியவர்களுக்கான பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் டைப் 2 நோயாளிகள். "இந்த வயசுல சுகரா? மாத்திரையில் சரியாகிடும் பாப்பா" என்று அன்போடு சொல்லும் மாமாக்களுக்கு அங்கே பஞ்சமில்லை. தன் கணையம் இன்சுலின் சுரப்பதில்லை, தனக்கு மாத்திரை இன்சுலினுக்கு மாற்றாகாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாந்தியோ காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாத நாளிலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது, இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோன் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் அப்படியே.

விடுதிக்குப் போகிறவர்கள் கற்க வேண்டியவற்றில் நான் அதிகம் வலியுறுத்துவது சிரிஞ்சைப் பற்றித்தான். நம் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைந்த அவசரத்தில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 25 யூனிட். இந்தக் கணக்கை அம்மா மட்டும் தெரிந்து வைத்திருந்து பயனில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் இன்சுலினை வைக்கும் பழைய வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தே அனுப்பினேன்.

பெண் பிள்ளை என்றால் "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்ற அறிவுரையும் கூடவே வரும். இதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி அவள் உளறத் தொடங்கினால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க வேண்டியவள் அறைத்தோழி. விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியவளும் அவள்தான். அவளிடம் மறைத்துவிட்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

பருவ வயதில் ஹார்மோன்களால் இன்சுலின் தேவை கூடுவது இயல்பு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அந்த ஆண்டுகளில் ஏறியதற்காகத் திட்டு வாங்கிய பிள்ளை, பிறகு மருத்துவமனை வாசலையே மிதிக்க விரும்பாது. இடம் மாறும் காலத்தில்தான் பலர் சிகிச்சைத் தொடர்பையே விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே கடைசி முறை குழந்தை மருத்துவரைப் பார்க்கும்போதே, புதிய மருத்துவரைப் பார்க்கும் தேதியைக் கல்லூரி விடுமுறைக்குள் வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். தற்போதைய இன்சுலின் அளவுகள், கடைசியாகச் செய்த கண் பரிசோதனை, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர் அல்புமின் முடிவு, கீட்டோன் ஏறி மருத்துவமனையில் சேர்ந்த விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளின் படம் உங்கள் கைபேசியில் இருப்பதைவிட அவளுடையதில் இருப்பது முக்கியம்.