மூன்றரைக் கலம் நெல்

நாகப்பட்டினத்தில் போய் இறங்கியபோது காலை எட்டு மணி. இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு செப்பேடு. நாம் ஆனைமங்கலச் செப்பேடு என்றும் வெளிநாட்டார் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வது. 21 ஏடுகள், சுமார் 30 கிலோ எடை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததற்கான பத்திரம் அது. டச்சுக் கம்பெனிக் காலத்தில் கப்பலேறி, 1862-இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 'நம்ம செப்பேடு சீமையில் கிடக்கிறது' என்று கேட்டே வளர்ந்தவன் நான். அது சொல்லும் ஊரையாவது ஒருமுறை நடந்து பார்த்துவிட நெடுநாள் ஆசை.

விகாரம் இப்போது இல்லை. மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். சரி, கடலையாவது பார்ப்போம் என்று துறைமுகம் பக்கம் போனேன். ஐஸ் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வலையைக் காலில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் கிழிசல் முடிந்துகொண்டிருந்தார்.

அங்கே நின்றபோது செப்பேடு மறந்துபோனது. இதே கரையிலிருந்து போன மனிதர்களின் நினைப்புதான் வந்தது. 1658-இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையில் பீஜப்பூர்ப் படையெடுப்பு, கூடவே பஞ்சம். 1659 முதல் 1661 வரையிலான மூன்றே ஆண்டில் இந்தச் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டவர்கள் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் என்று ஆய்வாளர் மார்கஸ் விங்க் கணக்கிடுகிறார். நெல் விளையும் பூமியில், நெல் இல்லாமல் விலைபோனவர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிவரை போனவர்களும் உண்டு. அங்கே பழைய ஏடுகளில் 'வான் கோரமண்டல்' என்று முடியும் பெயர்கள் இருக்கின்றன. சோழமண்டலத்தார் என்று அர்த்தம். அப்பா வைத்த பெயர் போய், ஏற்றிய கரையே பெயராகிவிட்டது.

செப்பேட்டைப் பற்றி நாம் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

டச்சுக்காரர்கள் இப்போது பேச ஆரம்பித்திருக்கிறார்கள். 2021-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அடிமைமுறை பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. பத்துப் பேரின் வாழ்க்கைக் கதைகளை வைத்து, ஆசியப் பக்கத்து அடிமை வியாபாரத்தையும் சேர்த்தே சொன்னார்கள். 2023 ஜூலை 1-ஆம் தேதி நெதர்லாந்து மன்னர் மன்னிப்புக் கேட்டார்.

திருவாரூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஓர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி வந்தேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது. நடுவில் எலைஹு யேல். 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். அந்தக் கோட்டையிலிருந்து செயின்ட் ஹெலினா தீவுக்கு அடிமைகளை அனுப்பிய காலம் அது. 1718-இல் அவர் கொடுத்த பொருட்களை விற்ற பணத்தில்தான் ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. படத்தில் கனவான்கள் மது மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஓரத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினச் சிறுவன். பட்டுச் சட்டை மாதிரி நல்ல உடுப்பு. கழுத்தில் மட்டும் பூட்டுப் போட்ட உலோக வளையம். 2020-இல் அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு, டைட்டஸ் கஃபார் என்ற கறுப்பின ஓவியரின் படத்தை மாட்டினார்கள். அதில் கனவான்கள் கசங்கிக் கிடக்க, சிறுவன் முகம் மட்டும் தெளிவாக, கழுத்து வளையம் இல்லாமல் நம்மைப் பார்க்கும். ஆராய்ந்த பிறகு பழைய படத்தைத் திரும்ப மாட்டினார்கள். தலைப்பிலேயே இப்போது 'அடிமைச் சிறுவன்' உண்டு. அவன் பெயர் மட்டும் அகப்படவில்லை. படத்தை மறைத்துவிடாமல் சொல்லித் திரும்ப மாட்டியதுதான் சரி என்பது என் கட்சி.

அப்படியானால் நம் சுவர்கள்? அதற்காகத்தான் பேரளத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திருப்பாம்புரம் போனேன். ராகு கேது தலம், நல்ல கூட்டம். இந்தக் கோயில் கல்வெட்டு ஒன்று 1201-ஆம் ஆண்டுப் பஞ்சத்தைச் சொல்கிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். ஒரு வெள்ளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். டச்சுக் கம்பெனிக்காரன் நாகப்பட்டினத்துக்கு வருவதற்கு நானூற்றைம்பது வருடம் முந்தி.

சுவரில் விரல் வைத்து எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தேன். விளக்குப் போட வந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்று, "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார். விவரத்தைச் சொன்னேன். நடவாள் கை போலக் காய்ப்பேறிய கை; எண்ணெய்க் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"நூத்திப் பத்துக் காசுக்கு எவ்வளவு நெல்லு வரும்?"

330 நாழி. ஒரு குறுணிக்கு எட்டு நாழி, ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. அவரே விரல் மடக்கி எனக்கு முன்னால் முடித்துவிட்டார்.

"மூணரைக் கலம்கூட முழுசா இல்லையே தம்பி. மூணு பேருக்கு ஆறு மாசம் ஓடுமா அது?"