கேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: ரெப்ளிகேஷன் பாடத்தில் அரியர் முடித்த அனுபவம்

பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்ய வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் பாடத்தில் எனக்கு முதல் முறை அரியர் விழுந்தது. ஃபால்ட் டாலரன்ஸ் (சில மெஷின் பழுதானாலும் சிஸ்டம் ஓடுவது) பற்றிய 13 மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் அதற்குக் கிடைத்தது 4. "ஒரே டேட்டாவைப் பல சர்வரில் காப்பி வைத்தால், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்" என்பதையே மூன்று பக்கமும் வேறு வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தேன். தப்பில்லை. ஆனால் காப்பி வைப்பது சுலபம். எல்லாக் காப்பியும் ஒன்றுபோல இருப்பதை எப்படி உறுதி செய்வது? பாடம் முழுக்க அந்தக் கேள்விதான்.

ஒரு கணக்கில் 1000 ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கட்டளைகள் வருகின்றன: 500 எடு, 10 சதவீதம் வட்டி சேர். முதல் சர்வர் இந்த வரிசையில் செய்தால் மீதி 550. இரண்டாவது சர்வருக்கு வட்டிக் கட்டளை முந்தி வந்துவிட்டால் 600. இரண்டுமே ஒழுங்காக வேலை செய்கிற மெஷின்கள்தான், எதுவும் பழுதாகவில்லை. வரிசை மாறியதே போதும். ஸ்டேட் மெஷின் ரெப்ளிகேஷனின் அடிப்படை இதுதான்: எல்லாரும் ஒரே நிலையில் தொடங்கி, ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் செய்தால் ஒரே நிலைக்கு வந்து சேருவார்கள். கட்டளைக்குள் "இப்போது மணி என்ன", "ஒரு ரேண்டம் எண் எடு" மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அதை ஒரு மெஷின் முடிவு செய்து, அந்த மதிப்பையே மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரியை எழுதினாலே திருத்துகிறவருக்கு நீங்கள் புரிந்து எழுதியது தெரியும்.

அந்த ஒரே வரிசையை மெஷின்கள் மெஜாரிட்டி, அதாவது பாதிக்கு மேல், சம்மதத்தோடு முடிவு செய்கின்றன. அது எதற்கு என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் புரிந்தது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து படிப்போம். ஒருநாள் நோட்ஸை ஜெராக்ஸ் போடக் கிளம்பியபோது கேட் போட்டுவிட்டார்கள். மூன்று பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம். கூட்ஸ் வண்டி நகரவே இல்லை. அந்த இருவரில் ஒருவன் போன் ஆஃப், இன்னொருவன் எடுக்கவில்லை. நாங்கள் வேறு கடையில் புது நோட்ஸைப் போட்டோம். அவர்கள் அங்கே பழைய நோட்ஸை ஐந்து செட் போட்டுவிட்டார்கள். காசு இரண்டு மடங்கு, கையில் இரண்டு வெவ்வேறு நோட்ஸ்.

அன்றைக்கு ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, எங்களுக்குப் பதில்தான் வரவில்லை. பதில் வராத மெஷின் செத்ததா, மெதுவாக இருக்கிறதா, நடுவில் லைன் போனதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. "மூன்று பேர் சம்மதித்தால்தான் செலவு" என்று முன்பே பேசி வைத்திருந்தால் அந்த இருவரும் காத்திருப்பார்கள். ஐந்தில் எந்த மூன்று பேரை எடுத்தாலும், வேறு எந்த மூன்று பேரோடும் குறைந்தது ஒருவராவது பொதுவாக இருப்பார். அந்த ஒருவர் வழியாகப் பழைய முடிவு புதிய கூட்டத்துக்குத் தெரிந்துவிடும்.

இங்கிருந்து எண்களை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. f எண்ணிக்கை மெஷின் நின்றுபோவதைத் தாங்க மொத்தம் 2f+1 மெஷின் வேண்டும். ஒன்றுக்கு 3, இரண்டுக்கு 5. நான்கு வைத்தால்? மெஜாரிட்டி 3 ஆகிவிடும், அப்போதும் ஒன்றைத்தான் தாங்கும். 2 மார்க்கில் கேட்கத் தோதான கேள்வி இது. மெஷின் பொய் சொல்லவும் செய்யலாம் என்றால் 3f+1, அதாவது ஒரு பொய்யனுக்கு 4. லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் இப்படிப் பொய் சொல்கிறவர்களைப் பற்றி 1982-ல் எழுதிய பைசாண்டைன் ஜெனரல்கள் கட்டுரையை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ராஃப்ட் அல்காரிதத்தில் மெஷின்கள் ஓட்டுப் போட்டு ஒன்றை லீடர் ஆக்கும். லீடர் கட்டளைகளை எல்லாருடைய லாக்கிலும் (வரிசைப் பதிவேடு) எழுத வைத்து, மெஜாரிட்டியில் எழுதிய பிறகே "முடிந்தது" என்று சொல்லும். இதைப் படித்து மட்டும் முடிக்காதீர்கள், வரையுங்கள். நான் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மெஷினுக்கு ஒன்றாக ஐந்து கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் லீடரைக் கொன்று பார்ப்பேன். லீடர் 1 ஒரு கட்டளையைத் தன்னிடமும் 2-இடமும் மட்டும் எழுதிவிட்டு நின்றுபோகிறது. 3, 4, 5 சேர்ந்து 3-ஐ லீடர் ஆக்கலாம், அந்தக் கட்டளை அழிந்துவிடும். அதில் தப்பில்லை, யாருக்கும் "முடிந்தது" என்று சொல்லவில்லையே. இப்போது 1, 2, 3 மூன்றிலும் எழுதிய பிறகு நிற்கட்டும். 4 ஓட்டுக் கேட்டால் 2-ம் 3-ம் தராது, ஏனென்றால் அவற்றின் லாக் இன்னும் புதியது. 4-க்கு 5-ஐச் சேர்த்தாலும் இரண்டே ஓட்டு. 2 அல்லது 3 மட்டுமே லீடர் ஆக முடியும், கட்டளை பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதினேன். இரண்டாம் முறை பாஸ்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம். ரெப்ளிகேஷனை பேக்கப் என்று எழுதாதீர்கள். தவறாக ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிப்பும் எல்லாக் காப்பிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஒரே புரோகிராமில் இருக்கும் பிழையும் அப்படித்தான், ஐந்து மெஷினும் ஒன்றாக விழும். அடுத்து, ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரின் பெயரால் 1985-ல் வந்த எஃப்எல்பி முடிவு. மெசேஜ் எவ்வளவு தாமதமாகும் என்று வரம்பே இல்லாத சிஸ்டத்தில், ஒரே ஒரு மெஷின் நிற்கலாம் என்றாலும், முடிவுக்கு வந்தே தீரும் என்று எந்த டிடெர்மினிஸ்டிக் (ரேண்டம் எதையும் பயன்படுத்தாத) அல்காரிதமும் உறுதி தர முடியாது. ராஃப்ட் தேர்தலில் ஓட்டுப் பிரிந்து முடிவே வராமல் இழுப்பதைக் குறைக்க, டைம்அவுட்டை (லீடருக்காகக் காத்திருக்கும் நேரம்) ரேண்டமாக வைக்கிறார்கள். தாமதமானாலும் தப்பான முடிவு வராது என்பதைப் பிரித்து எழுதுங்கள்.

15 மார்க் கேள்வியில் டிசைன் செய்யச் சொன்னால் எல்லாரும் விடுகிற ஒன்று கிளையன்ட் பக்கம், அதாவது கட்டளை அனுப்புகிறவர் பக்கம். காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு ஜிபே போடுகிறோம், சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரும்ப அமுக்குகிறோம். முதல் கட்டளை ஏற்கெனவே முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? ஒவ்வொரு கட்டளைக்கும் கிளையன்ட் ஐடியும் வரிசை எண்ணும் கொடுத்து, காப்பிகள் எல்லாம் அந்த எண்ணையும் பதிலையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். புது லீடர் வந்தாலும் அதே எண்ணைப் பார்த்துப் பழைய பதிலைக் கொடுக்கும், பணத்தை இரண்டாம் முறை எடுக்காது.