தாராவிக்குப் புதிதாக வந்த பிள்ளையின் கதையை எழுதும்போது

பிழைக்க மும்பை வந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிச் சிறுவர் கதை எழுத உட்கார்ந்தால், ரயிலில் தொடங்காதீர்கள். பயணமும் ஊர் நினைப்பும் முதல் இரண்டு அத்தியாயத்தைத் தின்றுவிடும். அநியாயம் கதைக்குள் வருவதற்குள் பத்து வயது வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பள்ளிக்கூட அலுவலகத்தில் தொடங்குங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புரட்டாசியில் வந்த செல்வி என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஜூனிலேயே திறந்துவிட்டது. கையில் டி.சி. இல்லை. அம்மாவுக்கு இந்தி தெரியாததால், பக்கத்து கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில், இருக்கும் முருகன் துணைக்கு வருகிறான். கிளார்க் நிமிர்ந்தும் பார்க்காமல், "தும் லோக் கஹாங் கஹாங் சே ஆ ஜாதே ஹோ" என்கிறார். "என்னய்யா சொல்லுதாரு?" என்று அம்மா கேட்கிறாள். எங்கிருந்தெல்லாமோ வந்துவிடுகிறீர்கள் என்பதை எப்படிச் சொல்வது? "நாளைக்கு வரச் சொல்றாரு அத்தை" என்கிறான் முருகன்.

இந்த ஒரு பொய்தான் கதையின் அச்சாணி. நட்பும் நீதியும் இங்கேயே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இதை விளக்கி எழுதிக் கெடுக்காதீர்கள்.

முருகன் அங்கேயே பிறந்தவன். நெல்லையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்தவர்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்குகிறது. அதனால் அவன் பேச்சில் கோலி, மோரி (வீட்டுக்குள் கழுவும் மூலை), மாலா (பரண்) என்று மும்பைச் சொற்கள் இயல்பாக விழும். செல்விக்கு அவை புரியக் கூடாது. 1966இல் சிவசேனா தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்மீது பாய்ந்த வெறுப்பு அவன் ஆச்சிக்கு நினைவிருக்கும். அப்படியிருந்தும், "புதுசா வந்தவங்களோட சேராத" என்று அதே ஆச்சியே சொல்லட்டும். வெளியார் மட்டுமே கெட்டவர்கள் என்று எழுதினால் கதை பொய்யாகிவிடும்.

கிளார்க்கையும் அரக்கனாக்க வேண்டாம். பதிவேட்டில் அவர் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அவருடைய பயம் அதனால்தான்.

பலர் சறுக்குவது தீர்வில். படித்த மாமா ஒருவர் வந்து சட்டம் பேசுவார், குழந்தைகள் கைதட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. மாநகராட்சிப் பள்ளியில் டி.சி. தாமதமானதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. பிறப்புச் சான்று இல்லாததற்கு 14, காலம் கடந்து வந்ததற்கு 15. மூன்றையும் கொட்டாதீர்கள், 5 போதும். அந்தப் பிரிவைச் சுட்டி ஒரு விண்ணப்பத்தைப் பிள்ளைகளே கையால் இரண்டு பிரதி எழுதட்டும், அம்மா கையெழுத்துப் போடட்டும், இரண்டாவது பிரதியில் தேதியும் முத்திரையும் கேட்டு வாங்கட்டும். அந்த முத்திரை விழும் சத்தத்துக்கு அரைப் பக்கம் கொடுக்கலாம்.

இன்னொரு ஓட்டை: மாநகராட்சிக்குத் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. செல்வி ஏன் இந்திவழிக்குப் போகிறாள் என்பதற்கு ஒரு வரிக் காரணமாவது வேண்டும்.

முருகன் உண்மையைச் சொல்லும் இடத்தைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். முத்திரை வாங்கப் போகும் நாளின் காலையிலேயே, குழாயடியில், இரண்டு பேர் கையிலும் குடம் இருக்கும்போது சொல்லட்டும். தண்ணீர் நின்றுவிடும் என்பதால் செல்வியால் கோபித்துக்கொண்டு போகவும் முடியாது.