“முப்பது நாள் ஆகட்டும்” என்றார்கள்

கர்ப்பத்தில் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) தொற்று வந்தது என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை பிறந்த பிறகு என்னென்ன பார்க்க வேண்டும், எதை எப்போது பார்க்க வேண்டும் என்று தமிழில் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

மூன்றாவது மாதத்தில் எனக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று பயந்து பார்த்தோம், இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் அசதி போகவில்லை, கல்லீரல் என்சைம்கள் கூடியிருந்தன. அப்போதுதான் மகப்பேறு மருத்துவர் சைட்டோமெகலோ வைரஸுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். சின்னம்மை, அக்கி உண்டாக்கும் வைரஸின் குடும்பம்தான் இதுவும். நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து, வந்ததே தெரியாமல் போய்விடுகிறது. அதனால் ஐ.ஜி.ஜி. (எப்போதோ தொற்று வந்ததைக் காட்டும் எதிர்ப்பொருள்) மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. புதிய தொற்றில் முதலில் வரும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். பாசிட்டிவையும் தனியாக நம்ப முடியாது, பழைய தொற்றிலும் வேறு வைரஸ் வந்தாலும் அது பாசிட்டிவ் காட்டும். வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கு மொத்தமாக ரத்தம் பார்க்கும் ‘டார்ச் பேனல்’ என்று எல்லோருக்கும் எடுத்து, அந்த ஒரு வரியை வைத்துக் கர்ப்பிணிகளை அழ வைப்பது கொடுமை. என் மருத்துவர் அவிடிட்டி என்ற அடுத்த பரிசோதனையையும் செய்தார். எதிர்ப்பொருள்கள் எவ்வளவு இறுக்கமாக வைரஸைப் பிடிக்கின்றன என்று அதில் தெரியும். பிடிப்பு குறைவாக இருந்தால் தொற்று புதியது, கடந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் வந்தது. எனக்குக் குறைவாகத்தான் இருந்தது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது, பால்வாடி போய்க்கொண்டிருந்தான். இந்த வயதுப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸ் மாதக்கணக்கில் வெளிவருமாம். பிள்ளை மிச்சம் வைத்த சோற்றைச் சாப்பிடாத அம்மா யார்? இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள் அதை மட்டுமாவது தவிர்த்து, மூக்கு துடைத்த பிறகும் டயாபர் மாற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்று வந்தால், பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குக் குழந்தைக்குப் போகும். ஆரம்ப மாதங்களில் வந்தால்தான் பாதிப்பு அதிகம். இருபத்தொரு வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். நானும் என் கணவரும் நிறைய பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதற்குப் பதில் ஸ்கேன்களை அடுக்கடுக்காக எடுத்தோம். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை என்பதை மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் மாதத்தில் அவர் என் ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதினார்: ‘குழந்தைக்கு சி.எம்.வி. பி.சி.ஆர்., 21 நாளுக்குள்.’ பி.சி.ஆர். என்பது வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை. இதைப் படிப்பவர்கள் மறக்கக்கூடாத விஷயம் இது. பிறந்து மூன்று வாரத்துக்குள் எடுத்த சிறுநீரிலோ எச்சிலிலோ வைரஸ் இருந்தால், அது வயிற்றிலேயே வந்தது. அதற்குப் பிறகு எடுத்தால், தாய்ப்பாலிலிருந்தோ வீட்டில் இருப்பவர்களிடமிருந்தோ பிறந்த பின் ஒட்டியதாகவும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது.

குழந்தை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நல்ல அழுகையோடு பிறந்தாள். பிரசவம் பார்த்த இடத்தில் இருந்த குழந்தை மருத்துவர், “பாப்பா நல்லா இருக்கும்மா, இந்த டெஸ்டெல்லாம் எதுக்கு?” என்றார். ஃபைல் அட்டையைக் காட்டினேன். யூரின் பேக் ஒட்டினார்கள். பெண் குழந்தைக்கு அது நிற்பதே இல்லை, ஒவ்வொரு முறையும் வழிந்துவிட்டது. அதற்குள் டிஸ்சார்ஜ்.

தஞ்சாவூரில் அம்மா வீட்டுக்கு வந்ததும் அடுத்த தடை. பரிசோதனைகளைத் திருச்சியில் செய்ய வேண்டும். முப்பது நாள் கழியாமல் பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்கக்கூடாது என்று அத்தை சொன்னார், அம்மாவும் அதையே சொன்னார். அவர்கள் சொன்னதில் அக்கறைதான் இருந்தது. பிறந்த குழந்தையைக் கூட்டத்திலிருந்து தள்ளி வைப்பது நல்லதும்கூட. ஆனால் முப்பது நாள் கழித்துப் போனால் முக்கியமான கேள்விக்குப் பதிலே கிடைக்காது. கடைசியில் அம்மாச்சிதான் தீர்த்து வைத்தார். “தீட்டு நம்ம வீட்டுக்குத்தான்டி, ஆஸ்பத்திரிக்கு என்ன தீட்டு? வேப்பிலைய தலைமாட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போ.” அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

திருச்சியில் முதலில் எச்சில் எடுத்தார்கள். பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பாலில் இருக்கும் வைரஸ் கலந்து பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனாலேயே எச்சிலில் வந்ததைச் சிறுநீரிலும் உறுதி செய்கிறார்கள். பாலில் வைரஸ் இருக்கும் என்றதும் அம்மா பயந்துபோய் புட்டிப்பால் கொடுக்கலாமா என்றார். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலால் வரும் தொற்று தீங்கு செய்வதில்லை, நிறுத்தவே கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

இரண்டிலும் பாசிட்டிவ்.

பிறகு மற்ற சோதனைகள். தலைச் சுற்றளவை அளந்தார்கள். தோலில் ஊதாப் புள்ளிகள் இருக்கின்றனவா, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல் என்சைம்கள், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் ஆகியவற்றைப் பார்த்தார்கள். உச்சிக்குழி வழியாக மூளையை அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். சுண்ணாம்புப் படிவு, மூளையின் அறைகள் விரிந்திருப்பது போன்றவற்றை அதில் தேடுகிறார்கள். கண் பரிசோதனைதான் பார்க்க முடியாதது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, இமைகளைக் கம்பியால் திறந்து வைத்து விழித்திரையைப் பார்த்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன், என் கணவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் இயல்பு. பிறவி சி.எம்.வி. உள்ள பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பது பேர் இப்படித்தான், வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் பிறக்கிறார்களாம்.

மருந்து தர வேண்டாமா என்று கேட்டோம். வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. பிறந்த முதல் மாதத்தில் தொடங்கி ஆறு மாதம் தருவார்கள். வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மூளையிலோ உறுப்புகளிலோ பாதிப்பு தெரியும் குழந்தைகளுக்குத்தான் அது. அறிகுறியே இல்லாத குழந்தைக்குப் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒப்புக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது காது. சொல்லப்போனால் இதில் எல்லாமே காதுதான். அறிகுறி இல்லாத குழந்தைகளிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பிற்பாடு கேட்கும் திறன் குறைகிறது. பிறந்தபோது நன்றாகக் கேட்ட காதே மாதங்கள், வருடங்கள் கழித்துக் குறையலாம். பல மருத்துவமனைகளில் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை உட்காதின் நத்தைக்கூட்டில் உள்ள மயிரணுக்களைத்தான் பார்க்கிறது. ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பெரா டெஸ்டில்தான் தெரியும். எங்களை இரண்டையும் செய்யச் சொன்னார்கள். பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். கார் ஓடும்போது தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போய், அங்கே போனதும் பால் கொடுத்து, ஏப்பம் விட்டுத் தூங்க வைத்தால், நெற்றியில் எலெக்ட்ரோடு ஒட்டும்போது விழித்துவிடுவாள். மறுபடியும் பால், மறுபடியும் தாலாட்டு. காது சோதிக்கும் அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. இரண்டு காதும் நன்றாக இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் சொன்னார்கள். கைதட்டினால் திரும்புகிறாளே, கிலுகிலுப்பைக்குச் சிரிக்கிறாளே என்றார்கள். ஒரு காது நன்றாகக் கேட்டாலே குழந்தை திரும்பும், வீட்டில் தட்டிப் பார்ப்பதை நம்பவே கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று தவறாமல் போனோம். ஒன்பதாவது மாதத்துப் பெராவில் இடது காது குறைந்திருந்தது. ஐம்பது டெசிபலுக்குக் கீழே அந்தக் காதில் பதில் இல்லை. வலது காது இயல்பாகவே இருந்தது.

அன்றைக்கே மருந்து கொடுத்திருக்கலாமோ என்று அத்தை அழுதார். எனக்கும் மனதில் அது வந்தது. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அப்போது இருந்த நிலையில் கொடுத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். பி.சி.ஆர். ரிப்போர்ட் இல்லையென்றால் இந்தக் காதை யாரும் இப்போது சோதித்தே இருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

இடது காதுக்குக் கேட்புக் கருவி போட்டிருக்கிறோம். காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்டை மாற்ற வேண்டும். பேட்டரி மூடி பூட்டும் வகையாகக் கேட்டு வாங்குங்கள், குழந்தை பிடுங்கி வாயில் வைக்கும். அந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் ஆபத்து. பேச்சுப் பயிற்சிக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகிறோம், கட்டணம் இல்லை. ‘டி.இ.ஐ.சி. எங்கே’ என்று கேட்டால் காட்டுவார்கள். இரண்டு காதும் அறவே கேட்காத குழந்தைகளுக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்கிறார்கள். அந்த விவரமும் அங்கேயே கிடைக்கும்.

மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது, பிறகு பள்ளிக்கூடம் போகும்வரை ஆண்டுக்கு ஒரு முறை காதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது தை மாதம், பொங்கல் கழிந்து.