அவசர சிசேரியன், முழு மயக்கம்: எந்த மருந்தில் தொடங்குவது?

மயக்கவியல் எம்.டி. வாய்மொழித் தேர்வில் ஏதாவது ஒரு மேசையில் இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே போங்கள்: "அவசர சிசேரியன். முதுகில் ஊசி போட முடியாது. எந்த மருந்து கொடுத்து மயக்குவீர்கள்?" எனக்கும் வந்தது.

மருந்தின் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். முதுகில் ஏன் ஊசி போட முடியாது என்று தேர்வாளரிடமே கேளுங்கள். ரத்தப்போக்கா, தட்டணுக்கள் குறைவா, இதய நோயா, குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்து நேரமே இல்லையா? அந்தப் பதிலைப் பொறுத்து உங்கள் மருந்து மாறும். இதனால்தான் நான் மருந்துவாரியாகப் படிப்பதை விட்டு, மேசையில் படுத்திருக்கும் பெண்வாரியாகக் குறிப்பு எழுதிப் படித்தேன்.

நஞ்சுக்கொடி கீழிறங்கி ரத்தம் கொட்டுகிறது என்றால் கீட்டமின், கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. 2 மி.கி.யைத் தாண்டினால் கருப்பை இறுகும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். வெகுநேரம் ரத்தம் இழந்து களைத்துப்போன உடலில் கீட்டமினும் ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். இதைச் சொல்பவர்கள் குறைவு. இதய நோய்க்கு எட்டோமிடேட், கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.கி. அட்ரீனல் சுரப்பு ஒடுங்குவதையும் தசைத் துள்ளலையும் குறிப்பிட்டால் போதும்.

தேர்வாளர்கள் அதிகம் நின்று கேட்பது பிரீ-எக்லாம்ப்சியாவில், அதாவது கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோயில். கீட்டமின் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வழக்கமான மயக்க மருந்துகளான தயோபென்டோனோ ப்ரோபோஃபாலோ தனியாக, மூச்சுக்குழலில் குழாய் போடும்போது எகிறும் அழுத்தத்தை அடக்காது. அழுத்தத்தைக் குறைக்கும் லாபெட்டலால் அல்லது வலிநிவாரணியான ரெமிஃபென்டனில் துணை வேண்டும். ரெமிஃபென்டனில் கொடுத்தால், குழந்தையின் மூச்சு மந்தமாகலாம் என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தால், தசையைத் தளர்த்தும் ரோகுரோனியத்தின் வேலை நீளும்.

மற்றபடி ஆரோக்கியமான பெண், குழந்தைக்குத்தான் ஆபத்து என்றால் தயோபென்டோனா, ப்ரோபோஃபாலா? 2014இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வெளியான, மயக்கத்தின்போது தன்னினைவு வருவது பற்றிய என்.ஏ.பி.5 ஆய்வறிக்கையை இங்கே கட்டாயம் கொண்டுவாருங்கள். அறுவையின்போது தன்னினைவோடு இருந்ததாகப் புகார் சொன்னவர்கள் பொதுவாக 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். முழு மயக்க சிசேரியனில் சுமார் 670க்கு ஒருவர். குழந்தைக்கு மருந்து போய்விடுமோ என்று பயந்து அளவைக் குறைப்பதும் இதற்கு ஒரு காரணம். தயோபென்டோன் குறைந்தது கிலோவுக்கு 4 மி.கி. வேண்டும். 500 மி.கி. குப்பியை 20 மில்லியில் கரைத்தால் 2.5 சதவீதம்; 70 கிலோ பெண்ணுக்கு 5 மி.கி. வீதம் 14 மில்லி. 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். கரைத்த தயோபென்டோனை ஆன்டிபயாடிக் என்று மாற்றி எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

"அப்படியானால் குழந்தை ஏன் மயங்கிப் பிறப்பதில்லை?" என்பது அடுத்த கேள்வி. ஒரே நிமிடத்தில் மருந்து தொப்புள்கொடி ரத்தத்தை எட்டிவிடுகிறது. ஆனால் அந்த ரத்தத்தில் பெரும்பகுதி முதலில் குழந்தையின் கல்லீரல் வழியாகப் போகிறது. பிறகு உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ரத்தத்தோடு கலந்து நீர்க்கிறது. மூளைக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கருப்பையைக் கீறியதிலிருந்து குழந்தை வெளியே வர 3 நிமிடத்துக்கு மேலானால், அந்தத் தாமதம்தான் குழந்தையை அதிகம் பாதிக்கும்.

நான் சொன்ன பதில் ப்ரோபோஃபால், கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி. கரைக்க வேண்டாம், வெண்மையாக இருப்பதால் ஆன்டிபயாடிக்கோடு குழம்பாது, கை பழகிய மருந்து. அழுத்தம் குறையும், அதை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின் தயாராக இருக்க வேண்டும். சீக்கிரம் தெளிந்துவிடும் என்பதால் குழாய் போட்டவுடன் ஆவி மயக்க மருந்தைத் திறக்க வேண்டும். தயோபென்டோன் என்றாலும் தவறில்லை, காரணத்தோடு சொன்னால்.

இடப்பக்கச் சாய்வு, வயிற்று அமிலத்தைத் தணிக்க 30 மில்லி சோடியம் சிட்ரேட், ஆக்சிஜன், உணவு மேலேறாமல் தொண்டையில் கொடுக்கும் கிரிகாய்டு அழுத்தம், தசையைச் சட்டென்று தளர்த்தும் சக்சினைல்கோலின் என்று முன்னேற்பாடுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் "குழாய் போகவில்லை, என்ன செய்வீர்கள்?" என்பார்கள். தோல்வியை உரக்க அறிவித்து, உதவிக்கு ஆள் அழைத்து, முகமூடியாலோ தொண்டைக்குள் வைக்கும் மூச்சுக் கருவியான இரண்டாம் தலைமுறை எல்.எம்.ஏ.வாலோ ஆக்சிஜன் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். எழுப்புவதா, அறுவையைத் தொடர்வதா என்பதை மருந்து ஏற்றும் முன்பே மகப்பேறு மருத்துவரோடு பேசி வைத்திருப்பேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.